வலிப்பு மாத்திரை சாப்பிடும் குழந்தைக்கு வைட்டமின் டானிக் தேவையா?

"நாலு வயசுப் பையன். வலிப்பு இருக்கு, பேச்சு இன்னும் வரல. மல்டிவைட்டமின் கொடுத்தா சரியாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

டானிக் குடித்துப் பேச்சு வந்துவிடாது. மருந்துக்கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. ஆனால் ஃபெனிடோயின், ஃபீனோபார்பிட்டோன், கார்பமசெபைன் மாதிரி வலிப்பு மருந்துகள் கல்லீரலில் வைட்டமின் டியைச் சீக்கிரம் சிதைத்துவிடும். டி குறைந்தால் எலும்பு பலவீனமாகும். வெயிலில் ஓடி விளையாடாத பிள்ளை என்றால் எலும்பு இன்னும் பலவீனமாகும். ரத்தத்தில் டி அளவு பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அபூர்வமாக வைட்டமினே மருந்தாகும் வலிப்புகளும் உண்டு. பயோட்டின் என்ற பி வைட்டமினை உடல் சரியாகப் பயன்படுத்த முடியாத பிறவிக் கோளாறான பயோட்டினிடேஸ் குறைபாட்டுக்கு, அந்தப் பயோட்டினே மருந்து. முடி கொட்டல், தோல் தடிப்பு கூடவே இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று, வைட்டமின் பி6 கொடுத்தால் அடங்கும் பி6 சார்ந்த வலிப்பு.

ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமினை நீங்களாகக் கூட்டாதீர்கள். அது ரத்தத்தில் ஃபெனிடோயின் அளவை இறக்கி, அடங்கியிருந்த வலிப்பைத் திரும்பக் கொண்டுவரலாம்.