காந்தாரத்தைக் கொஞ்சம் இறக்குங்கள்: பேண்டு செட் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சர்ச் பேண்டு செட்டில் 14 பேர் இருக்கிறோம். ஊர்வலம் கிளம்புவதற்கு முன்னால் ஆளுக்கொரு போனில் டியூனர் ஆப் வைத்து, பச்சை விளக்கு எரியும் வரை ஸ்லைடை இழுத்துச் சரிசெய்கிறோம். அப்படியும் எல்லோரும் சேர்ந்து ஒரு கார்ட் (பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில்) பிடித்தால் எங்கேயோ புளிக்கிறது. அமெரிக்க டிரம் கோர் (பித்தளைக் கருவியும் டிரம்மும் வாசிக்கும் அணிவகுப்புக் குழு) பிள்ளைகள் வளைவாக நின்று ஒரே கார்டை ஊதும் வீடியோக்களைப் பார்த்தால் ஏக்கமாக இருக்கிறது. நாங்கள் எதை விடுகிறோம்?
- வாசகர், களியக்காவிளை

பதில்: உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. புளிப்பு வருவது அந்தப் பச்சை விளக்கினால். டியூனர் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம துண்டாக வெட்டி வைத்திருக்கிறது, துண்டுக்கு 100 சென்ட். கீபோர்டுக்கு அது போதும். ஆனால் ஒரு தம்புராவை மீட்டிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள், தந்தியில் இருப்பது ஸாவும் பாவும் மட்டும்தான், கொஞ்ச நேரத்தில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக எழும்பி வரும், சுயம்பு காந்தாரம் என்பார்கள். அது டியூனர் காட்டும் காந்தாரத்தை விட 14 சென்ட் கீழே இருக்கிறது. பா ஏறக்குறைய டியூனர் சொல்கிற இடத்திலேயேதான், 2 சென்ட் மேலே, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆக உங்கள் கார்டில் புளிப்பது காந்தாரம்.

பி பிளாட் கார்டையே எடுத்துக்கொள்வோம், நம் கணக்கில் 6½ கட்டை. ஸா பி பிளாட், பா எஃப், காந்தாரம் டி. டிரம்பெட் பி பிளாட் கருவி, தாளில் ஒரு முழு ஸ்வரம் கூட்டித்தான் எழுதியிருக்கும், அதனால் டிரம்பெட்காரர் தன் தாளில் அந்த டியை ஈ என்று படிப்பார், வால்வு எதையும் அழுத்தாமல் ஊதுவார். அந்த ஓப்பன் ஈ கருவியின் ஐந்தாவது ஹார்மோனிக் (ஒரே குழல் நீளத்தில் தானாகக் கிடைக்கும் ஸ்வர வரிசையில் ஐந்தாவது), இயற்கையிலேயே 14 சென்ட் இறங்கித்தான் பிறக்கும். வேண்டிய சுத்தமான காந்தாரத்தைக் கருவியே கையில் கொடுக்கிறது, பச்சை விளக்குக்காக நாம் அதைக் கஷ்டப்பட்டு மேலே தள்ளிக் கெடுக்கிறோம்.

பாறசாலைப் பக்கம் ஒரு திருவிழாவுக்குப் போயிருந்தபோது எங்கள் செட்டில் மூன்றாம் டிரம்பெட் ஊதும் தம்பி உதட்டை இறுக்கி, கழுத்து நரம்பு புடைக்க, டியூனரையே பார்த்துக்கொண்டு நின்றான். போனை வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டியூபாவை மட்டும் பி பிளாட் பிடிக்கச் சொல்லி, அதன்மேல் உன் ஸ்வரத்தை முதலில் வாயால் முனகு, அப்புறம் உதட்டைத் தளர்த்தி ஊது என்றேன். முதலில் வூவா வூவா என்று அலை அடித்தது, அவன் தளரத் தளர அலை மெதுவாகி, ஒரு நொடியில் நின்றேவிட்டது. ஊதிக்கொண்டே புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தான், அவனுக்கே தெரிந்துவிட்டது. அந்த அலைதான் உங்களுக்கு டியூனர். ஒருவர் 440, இன்னொருவர் 442 ஊதினால் நொடிக்கு இரண்டு அலை கேட்கும், ஒன்றானால் அலை இருக்காது.

டிரம் கோர்களில் செய்வதும் இதைத்தான். வளைவாக நில்லுங்கள், ஒருவர் கருவியின் மணி (சத்தம் வெளிவரும் விரிந்த வாய்) இன்னொருவர் காதுக்குக் கேட்க வேண்டும். டியூபா ஸாவைப் பிடிக்கட்டும், யூபோனியமும் டிராம்போனும் மேல் ஸாவில் சேரட்டும், அலை நிற்கும் வரை அடுத்தவர் தொடக்கூடாது. பிறகு பா. காந்தாரம் கடைசியில், ஒருவரோ இருவரோ போதும், மற்றவர்களை விடச் சின்னதாக. சத்தம் கோபுரம் மாதிரி இருக்க வேண்டும், அடியில் அகலம், மேலே போகப் போக ஒடுக்கம். எங்கள் பக்கத்து செட்களில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கிறது, முதல் டிரம்பெட் எல்லாரையும் அமுக்கிவிடுகிறது, அப்படி இருந்தால் எந்த ஸ்ருதியும் சேராது. எட்டு எண்ணிக்கை ஊதுங்கள், எட்டு எண்ணிக்கை அதே கார்டை முனகுங்கள், திரும்ப ஊதுங்கள். முனகத் தெரியாத ஸ்வரத்தை உதடு கண்டுபிடிக்காது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இதே ஈ வேறு கார்டில் ஸாவாக வந்தால் 14 சென்ட் இறங்கி நிற்கக்கூடாது. அப்போது ஒன்று, இரண்டு வால்வை அழுத்தி ஊதினால் சற்று மேலே கிடைக்கும். மைனர் கார்டில் காந்தாரத்தை இதற்கு நேர்மாறாக 16 சென்ட் ஏற்ற வேண்டும்.

கேள்வி: பள்ளி பேண்டுக்குப் பொறுப்பாசிரியர் நான். சாரல் நாளில் காலை 6.30க்கு டியூன் செய்தால் 10 மணி வெயிலுக்குள் எல்லாம் ஏறிவிடுகிறது. எந்த வார்ம்-அப் செய்யலாம்?
- வாசகி, புளியரை

பதில்: ஆரியங்காவுக் கணவாய்க் காற்றில் டியூன் செய்தால் அப்படித்தான் ஆகும், டீச்சர். 20 டிகிரியில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர், ஒரு டிகிரி ஏறினால் 0.6 மீட்டர் கூடும். 15 டிகிரி வித்தியாசத்துக்குக் கணக்குப்படி 45 சென்ட் வருகிறது, அரை ஸ்வரத்தில் கிட்டத்தட்ட பாதி. குழலுக்குள் ஓடுவது நம் சூடான மூச்சு என்பதால் நிஜத்தில் அவ்வளவு ஏறாது, ஆனாலும் காது கண்டுபிடிக்கிற அளவுக்கு ஏறும். டிரம்பெட் குழல் ஒன்றரை மீட்டர், சீக்கிரம் சூடாகிவிடும். பி பிளாட் டியூபா ஐந்தரை மீட்டர், மெதுவாகத்தான் சூடாகும். அதனால் வார்ம்-அப் முடியும் வரை ஸ்லைடில் யாரும் கை வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

முதலில் கருவி இல்லாமல் மூச்சு, நாலு எண்ணி இழுத்து நாலு எண்ணி விடுவது. அப்புறம் சத்தமே வராமல் கருவிக்குள் சூடான காற்று, டியூபாக்காரர்களுக்கு இரட்டிப்பு நேரம். பிறகு ரெமிங்டன். எமரி ரெமிங்டன் 1922 முதல் 1971 வரை அமெரிக்காவின் ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் டிராம்போன் கற்பித்தவர், அவர் பழக்கிய நீள ஸ்வரப் பயிற்சியை இன்று பல டிரம் கோர்கள் ஊதுகின்றன. எஃபில் தொடங்கி அரை ஸ்வரம் இறங்கி எஃபுக்குத் திரும்புவது, அடுத்து இரண்டு அரை ஸ்வரம் இறங்கித் திரும்புவது, இப்படியே கீழே பி வரை. டிரம்பெட் பிள்ளைகள் தங்கள் தாளில் ஜியில் தொடங்குவார்கள். கடைசியில் வரும் சி ஷார்ப்புக்கு மூன்று வால்வும் அழுத்த வேண்டும், அது தாறுமாறாக ஏறி நிற்கும், மூன்றாம் வால்வு ஸ்லைடை வெளியே தள்ளப் பழக்குங்கள். பத்து நிமிடம் இதை மெதுவாக ஊதிய பிறகு டியூன் செய்யுங்கள், வெயில் வந்ததும் இடைவேளையில் இன்னொரு முறை கார்ட் பிடியுங்கள்.

கேள்வி: டிரம் கோர் பயிற்சித் தாளில் மெல்லோபோன் என்று ஒரு வரி இருக்கிறது. எங்களிடம் அது இல்லை. யாருக்குக் கொடுப்பது?
- வாசகர், கூடலூர் (தேனி)

பதில்: மணி முன்பக்கம் பார்த்த, எஃப் ஸ்ருதிப் பித்தளைக் கருவி அது. டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் போட்டிகளில் முன்பு ஜி ஸ்ருதி பியூகிள் (டிரம்பெட் மாதிரியான பித்தளைக் கருவி)தான் வழக்கம், 2000இல்தான் எந்த ஸ்ருதிக் கருவியும் வரலாம் என்று விதியை மாற்றினார்கள், அதற்குப் பிறகு வந்த தாள்களில் எஃப் மெல்லோபோன் இருக்கும். உங்களிடம் ஈ பிளாட் டெனர் ஹார்ன் இருந்தால் அந்த வரியை ஒரு முழு ஸ்வரம் கூட்டி எழுதிக் கொடுங்கள், தாளில் சி என்று இருந்தால் டி. ஷார்ப், பிளாட் குறிகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். டெனர் ஹார்னும் இல்லையென்றால் ஐந்து அரை ஸ்வரம் இறக்கி எழுதி (தாளில் சி என்று இருந்தால் அதற்குக் கீழே ஜி) இரண்டாம் டிரம்பெட்டுக்குக் கொடுங்கள், அங்கே காந்தாரம் வந்தால் மேலே களியக்காவிளைக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.