இருபது ஆண்டு கழித்து மேஜிக் ஆட வருகிறேன், எந்த டெக்கை எடுப்பது?

கேள்வி: மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு விளையாட்டை ஆடுவதை 2005-ல் நிறுத்திவிட்டேன். அப்போது என்னிடம் இருந்தது மிர்ரடின் தொகுப்பின் கார்டுகளில் கட்டிய அஃபினிட்டி டெக் (ஆர்ட்டிஃபாக்ட், அதாவது கருவி வகைக் கார்டுகள் கூடக்கூட மற்ற கார்டுகளை இறக்கும் செலவு குறையும் கட்டு). அதன் முக்கியமான கார்டுகளைத் தடை செய்ததும் ஆர்வம் விட்டுப்போயிற்று. கார்டுப் பெட்டி அப்படியே இருக்கிறது. இப்போது நண்பர்கள் மூவர் கமாண்டர் (பலராகச் சேர்ந்து ஆடும் மேஜிக் வகை) ஆடக் கூப்பிடுகிறார்கள். கடையில் நடக்கும் போட்டிக்கும் போக ஆசை. பழைய டெக்கோடு போகலாமா? புதிதாகக் கட்டுவதென்றால் எதிலிருந்து தொடங்குவது?

பதில்: எந்த டெக் என்பதற்கு முன்னால் யாரோடு ஆடப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். டெக்கைக் கட்டிவிட்டு எதிராளியைத் தேடுகிறவர்களின் டெக்தான் பெரும்பாலும் அலமாரிக்குத் திரும்புகிறது. உங்களுக்கு மூன்று பேர் தயாராக இருக்கிறார்கள். ஆகவே முதல் டெக் கமாண்டர் டெக்காக இருக்கட்டும். கடைப் போட்டிக்கு இரண்டாவதாக ஒன்று போதும். அதற்கும் வழி சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெட்டியைத் திறங்கள். 2005 மார்ச்சில் ஸ்டாண்டர்டில் (அண்மைத் தொகுப்புகளை மட்டும் அனுமதிக்கும் போட்டி முறையில்) தடையானவை ஆர்க்பவுண்ட் ரேவஜர், டிசைப்பிள் ஆஃப் த வால்ட், ஆறு ஆர்ட்டிஃபாக்ட் லேண்டுகள் (லேண்டு என்பது கார்டுகளை இறக்கச் செலவாகும் சக்தியான மனாவைத் தருவது). அதற்கு முந்தைய ஆண்டே ஸ்கல்க்ளாம்ப் போயிருந்தது. ஆனால் தடை என்பது அந்தந்த ஃபார்மேட்டுக்கு (ஆட்ட முறைக்கு) மட்டுமே. ஸ்கல்க்ளாம்ப் கமாண்டரில் தாராளமாக ஆடப்படுகிறது. சின்னச் சின்ன க்ரியேச்சர்கள் (சண்டையிடும் உயிரினக் கார்டுகள்) நிறைந்த எந்த டெக்கும் அதை விரும்பிச் சேர்க்கும். மிர்ரடினில் வந்த லைட்னிங் க்ரீவ்ஸ், சோலம் சிமுலாக்ரம், ஐந்து டாலிஸ்மன்கள், கமிகாவா தொகுப்பின் சென்செய்ஸ் டிவைனிங் டாப் ஆகியவையும் அப்படியே. இவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அன்று ஓரங்கட்டிய அன்காமன்கள்தான் (எளிதில் கிடைக்கும் காமனுக்கும் அரிதான ரேருக்கும் இடைப்பட்டவை) இன்று உங்களுக்கு அதிகம் உதவப் போகின்றன.

மீதியைப் பிரிப்பதற்குக் கார்டின் முகமே உதவும். 2003 ஜூலையில் வந்த எட்டாம் பதிப்போடு கார்டின் சட்டகம் மாறியது. உங்கள் பெட்டியில் புதுச் சட்டகத்தில் உள்ளவை மாடர்ன் ஃபார்மேட்டின் கால எல்லைக்குள் வருகின்றன. பழைய சட்டகத்தில் உள்ளவை பெரும்பாலும் எல்லாக் காலக் கார்டுகளையும் ஏற்கும் லெகசி, வின்டேஜ், கமாண்டருக்கானவை. 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம் உண்டு. ஒரு கார்டு அனுமதிக்கப்பட்ட தொகுப்பில் மறுபடி அச்சாகியிருந்தால் அதன் பழைய பிரதியும் செல்லும். லானோவர் எல்வ்ஸ் 2024 நவம்பரில் வந்த ஃபவுண்டேஷன்ஸ் தொகுப்பில் இருக்கிறது. எனவே 1993-ல் அச்சான லானோவர் எல்வ்ஸையும் இன்றைய ஸ்டாண்டர்டில் ஆடலாம். பெயரைத்தான் பார்க்க வேண்டும், அச்சான ஆண்டை அல்ல.

உங்கள் அஃபினிட்டி டெக்கைப் பொறுத்தவரை, மாடர்னில் ரேவஜர் செல்லும், ஆனால் வண்ண மனா தரும் ஐந்து ஆர்ட்டிஃபாக்ட் லேண்டுகளும் தடையில் உள்ளன. அவை இல்லாத பழைய டெக்கைக் கொண்டுபோவது வீண். அதற்கு இன்னொரு வீடு உண்டு: பாப்பர். காமன் தரத்தில் ஒருமுறையாவது வந்த கார்டுகளை மட்டுமே அனுமதிக்கும் ஃபார்மேட் அது. ஃப்ராக்மைட், மிர் என்ஃபோர்சர், தாட்காஸ்ட், அந்த ஆர்ட்டிஃபாக்ட் லேண்டுகள் எல்லாம் அங்கே செல்லும். க்ரேனியல் பிளேட்டிங்கும் டிசைப்பிளும் தடையில் இருப்பதால் அவற்றைக் கழற்றிவிடுங்கள். ரேவஜர் ரேர் என்பதால் அதுவும் வராது. மாடர்ன் ஹொரைசன்ஸ் 2 தொகுப்பில் (2021) வந்த இரு வண்ண 'பிரிட்ஜ்' லேண்டுகளைச் சேர்த்தால் டெக் இன்றைய வேகத்துக்கு நெருங்கிவிடும். அவையும் காமன்தான். கடையில் பாப்பர் ஆடுகிறார்களா என்று கேட்டுவிட்டு இதில் கை வையுங்கள்.

கை பழகிப்போன விதிகள்

ஆட்டத்தை அறவே மறந்தவரைவிட, பாதி நினைவில் வைத்திருப்பவருக்கே சிக்கல் அதிகம். நீங்கள் நிச்சயம் தடுக்கி விழப்போகும் இடம் ஒன்று உண்டு. அடியை ஸ்டாக்கில் (நடக்கவிருப்பவை காத்திருக்கும் வரிசையில்) ஏற்றிவிட்டு, அடித்துக்கொண்டிருக்கும் க்ரியேச்சரையே ரேவஜருக்குப் பலி கொடுப்பது அஃபினிட்டியின் உயிர்நாடி. அடியும் இறங்கும், ரேவஜரின் பலத்தைக் கூட்டும் கவுண்டரும் ஏறும். 2009-ல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இப்போது சண்டையின் அடி ஸ்டாக்குக்குப் போவதில்லை, உடனே இறங்கிவிடுகிறது. அதற்கு முன் பலி கொடுத்தால் அந்த க்ரியேச்சர் அடிக்காது. பின்னால் கொடுக்கலாம் என்றால் அதற்குள் அது செத்திருக்கலாம்.

அதே ஆண்டு மனா பர்னும் (செலவழிக்காத மனாவுக்கு உயிர் குறையும் விதி) ஒழிந்தது. செலவழிக்காத மனா சும்மா மறையும். ஒரே பெயருள்ள லெஜண்டுகள் ('லெஜண்டரி' என்று குறித்த கார்டுகள்) இரண்டு எதிரெதிர்ப் பக்கம் வந்தால் இரண்டும் சாகும் என்பது 2013-ல் மாறியது. இப்போது ஒவ்வொருவர் பக்கத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒருவரிடமே இரண்டு இருந்தால் அவர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிப்பார். முல்லிகன் (பிடிக்காத முதல் கையை மாற்றுவது) 2019 முதல் தாராளமாகிவிட்டது: ஒவ்வொரு முறையும் 7 கார்டு எடுத்துப் பார்த்துவிட்டு, எத்தனை முல்லிகன் ஆயிற்றோ அத்தனை கார்டை டெக்கின் அடியில் வைக்க வேண்டும். நால்வர் ஆட்டத்தில் முதல் முல்லிகன் இலவசம். மோசமான கையை 'பார்த்துக்கொள்ளலாம்' என்று வைத்துக்கொள்ளும் பழைய பழக்கத்தை விடலாம். சைட்போர்டு (ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்ள வைக்கும் கார்டுகள்) சரியாக 15 இருக்க வேண்டியதில்லை, 15 வரை இருக்கலாம்.

2007-ல் அறிமுகமான பிளேன்ஸ்வாக்கர் நீங்கள் பார்த்திராத கார்டு வகை. ஆட்டக்காரரை விட்டுவிட்டு அதை க்ரியேச்சர்களால் தாக்கலாம் என்ற ஒன்றை நினைவில் வைத்தால் தொடக்கத்துக்குப் போதும். பழைய கார்டில் 'ஆட்டத்திலிருந்து நீக்கு' என்று இருப்பது இன்றைய 'எக்ஸைல்'. அச்சில் உள்ளதற்கும் கேதரர் தளத்தில் உள்ள அதிகாரப்பூர்வ வாசகத்துக்கும் முரண் வந்தால் தளத்தில் உள்ளதே செல்லும்.

கமாண்டர் டெக்

100 கார்டு, அடிப்படை லேண்டுகளைத் தவிர எதிலும் ஒரு பிரதிதான், தொடக்க உயிர் 40. ஒரு லெஜண்டரி க்ரியேச்சர் டெக்குக்கு வெளியே தலைவராக நிற்கும். அதன் வண்ணங்களுக்குள்தான் மற்ற 99-ம் இருக்க வேண்டும். கமாண்டர் செத்தால் மறுபடி இறக்கலாம், ஆனால் அது நிற்கும் இடமான கமாண்ட் ஸோனிலிருந்து இறக்கும் ஒவ்வொரு தடவைக்கும் 2 மனா கூடும். ஒரே கமாண்டரின் சண்டை அடி 21 சேர்ந்தால், உயிர் எவ்வளவு மிச்சமிருந்தாலும் தோல்வி.

கடையில் ஆயத்த டெக்காகக் கிடைப்பதை வாங்குங்கள். முதல் டெக்கை நூறு கார்டும் நாமே தேர்ந்து கட்டுவது உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் இருபது ஆண்டில் வந்த ஆயிரக்கணக்கான கார்டுகளைப் பார்க்காமல் தேர்வு செய்ய முடியாது. ஆயத்த டெக்கில் ஆடியபடியே எது பயன்படவில்லை என்று கண்டு மாற்றுவது வேகமான வழி.

எதை வாங்குவது? கமாண்டரின் விலை 4 மனாவோ அதற்குக் குறைவோ இருக்கட்டும். 6 மனாக் கமாண்டர் ஒருமுறை செத்தால் 8, இரண்டாம் முறை செத்தால் 10. பெரும்பாலான ஆட்டங்களில் அதற்கு மேல் அவர் வரமாட்டார். வண்ணம் இரண்டு போதும். மூன்று வண்ண ஆயத்த டெக்குகளில் கவர்ச்சி அதிகம், ஆனால் படுத்த நிலையில் (அந்தச் சுற்றில் பயன்படாதபடி) வரும் லேண்டுகளும் அதிகம். ஒவ்வொன்றும் ஒரு சுற்றைத் தின்னும். உங்கள் பெட்டியைப் பார்த்தால் ஆர்ட்டிஃபாக்ட் சார்ந்த நீல–சிவப்போ நீல–கறுப்போ இயல்பாகப் பொருந்தும். எடுத்து வைத்த கார்டுகளோடு தடையான அந்த லேண்டுகளிலும் வண்ணத்துக்கு ஒன்றாக உள்ளே போகும்.

மாற்றும்போது பத்துக் கார்டுக்கு மேல் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். எது கெடுத்தது, எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும். மாற்றிய பிறகும் அளவுகள் ஏறத்தாழ இப்படி நிற்கட்டும்: லேண்டு 36 முதல் 38, கூடுதல் மனா தருபவை 10, கார்டு எடுக்க உதவுபவை 10, எதிராளியின் ஒரு கார்டை அழிப்பவை 8, மொத்த மேசையையும் துடைப்பவை 3. மிச்சம்தான் டெக்கின் சொந்தக் குணம். ஆசைப்பட்ட கார்டைச் சேர்க்க இடமில்லை என்றதும் எல்லோரும் முதலில் வெட்டுவது லேண்டைத்தான். 99-ல் 37 லேண்டு இருந்தால் முதல் ஏழு கார்டில் லேண்டே இல்லாமலோ ஒன்று மட்டுமோ வருவது 100-க்கு 19 தடவை. 32 ஆக்கினால் 27.

முதல் ஆட்டத்துக்கு முன் நண்பர்களிடம் அவர்கள் டெக் எந்த 'பிராக்கெட்' என்று கேளுங்கள். 2025-ல் கொண்டுவந்த ஐந்து படி அளவுகோல் அது. 'கேம் சேஞ்சர்' பட்டியலில் உள்ள பலமான கார்டுகள் 1, 2-ஆம் படிகளில் கூடாது. மூன்றாம் படியில் மூன்று வரை. அதற்கு மேல் கட்டுப்பாடில்லை. ஆயத்த டெக்கோடு நான்காம் படி மேசையில் உட்கார்ந்தால் ஆட வராதவர்போலத் தோன்றும். குற்றம் உங்களுடையதல்ல, பொருத்தம்தான் தவறு.

கடைப் போட்டிக்கு

ஸ்டாண்டர்டில் 2025-ல் மட்டும் ஆறு தொகுப்புகள் நுழைந்தன. உங்கள் காலத்தைப்போல இரு மடங்கு வேகம். மாடர்ன் பழைய கார்டுகளின் புகலிடம் என்று நினைத்தால் ஏமாற்றமே. 2019, 2021, 2024-ல் வந்த ஹொரைசன்ஸ் தொகுப்புகள் அதை அடியோடு மாற்றிவிட்டன. பயனியர் 2012 அக்டோபருக்குப் பிந்தைய தொகுப்புகளுக்கானது. உங்கள் பெட்டி அங்கே பெரும்பாலும் உதவாது. கடையில் பாப்பர் இல்லையென்றால், அங்கே எது அதிகம் ஆடப்படுகிறதோ அதில் ஒற்றைச் சிவப்பு அக்ரோவைத்தான் (வேகமாகத் தாக்கி முடிக்கும் டெக்) பரிந்துரைப்பேன்.

எதிராளியைத் தடுத்தே ஆடும் கண்ட்ரோல் டெக்கை இப்போது தொடாதீர்கள். எதிராளி அடுத்து எதை இறக்குவார் என்று தெரிந்தால்தான் எதைத் தடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க முடியும். அந்த அறிவு உங்களிடம் இன்னும் இல்லை. சிவப்பு டெக்கில் கேள்வியைக் கேட்பவர் நீங்கள், பதிலைத் தேட வேண்டியவர் எதிராளி. அடிப்படை லேண்டே போதும் என்பதால் செலவும் குறையும். 60 கார்டின் கூடு இது: லேண்டு 22, ஒரு மனாக் க்ரியேச்சர் 12, இரண்டு மனா 8, மூன்று மனா 4, நேரடி அடி தரும் மந்திரங்கள் 14. நல்ல கார்டு என்றால் நான்கு பிரதியும் போடுங்கள். நான்கு இருந்தால் முதல் கையில் ஒன்றாவது வருவதற்கு 100-க்கு 40 வாய்ப்பு, ஒன்றே இருந்தால் 12.

அஃபினிட்டி ஆடியவர் என்பதால் ஓர் எச்சரிக்கை. கார்டுகள் தாமாக விலை குறையும் டெக்கில் குறைந்த லேண்டோடு ஓட்டிப் பழகியிருப்பீர்கள். 60-ல் 24 லேண்டு இருக்கும்போது பூஜ்யமோ ஒன்றோ வரும் கை ஏழில் ஒன்று. 20 ஆனால் நான்கில் ஒன்று. சிவப்பு 22-ல் தாங்குவது அதன் கார்டுகள் மலிவு என்பதால் மட்டுமே. நான்கு, ஐந்து மனாக் கார்டுகளைச் சேர்க்கத் தொடங்கினால் 24-க்கு ஏற்றுங்கள். இன்னொரு வண்ணம் கலக்கும் ஆசை வந்தால் இதையும் கணக்கில் எடுங்கள்: ஒரு வண்ணத்துக்கு 14 லேண்டு இருந்தால் முதல் கையில் அந்த வண்ணம் வராமல் போவது 100-க்கு 14, 10 லேண்டு என்றால் 26.

எதையும் வாங்குமுன் காகிதத்தில் சோதியுங்கள். துண்டுக் காகிதத்தில் கார்டின் பெயரையும் விலையையும் எழுதி, ஸ்லீவுக்குள் (கார்டு உறைக்குள்) அடிப்படை லேண்டின் மேல் செருகுங்கள். இருபது கை எடுத்து, ஒவ்வொன்றையும் எதிராளி இல்லாமல் நான்கு சுற்று ஆடிப் பாருங்கள். நான்காம் சுற்றில் எத்தனை லேண்டு, எத்தனை மனா வீண், கையில் இறக்க முடியாமல் நின்ற கார்டு எது என்று குறித்து வையுங்கள். ஒரே பெயர் நான்கைந்து முறை வந்தால் அதை வெட்டுங்கள். நண்பர்களுக்குச் சம்மதமென்றால் இந்தக் காகித டெக்கிலேயே அவர்களோடு ஆடலாம். அதிகாரப்பூர்வப் போட்டியில் கூடாது. பிறகு வேண்டிய கார்டுகளை ஒற்றையாக வாங்குங்கள். எந்தக் கார்டு இருக்கும் என்று தெரியாத பூஸ்டர் பாக்கெட், டிராஃப்ட் (பாக்கெட்டைப் பிரித்து மாறி மாறிக் கார்டு எடுத்து ஆடுவது) ஆடுவதற்கு. அதில் குறிப்பிட்ட ஒரு ரேரின் நான்கு பிரதியைத் தேடினால் காசுதான் கரையும்.

ஸ்லீவ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கார்டின் அளவு 63×88 மில்லிமீட்டர், ஸ்லீவ் 66×91 வாங்குங்கள், பின்பக்கம் ஒளி ஊடுருவாததாக. 2011 முதல் இருபுறமும் அச்சான கார்டுகள் வருவதால் இது கட்டாயம். பழைய ஃபாயில் (பளபளப்பு) கார்டுகள் வளைந்திருந்தால் டெக்கில் சேர்க்காதீர்கள். கட்டிலிருந்து தூக்கித் தெரியும், போட்டியில் அது அடையாளமிட்ட கார்டாகிவிடும். சோதனை முடிந்ததும் லேண்டுகள் ஒரு கொத்தாகச் சேர்ந்துகிடக்கும். அவற்றை இடையிடையே செருகிவிட்டு இரண்டு முறை கலைத்துப் போடுவது பழைய வழக்கம், அது ஏமாற்றாகவே கருதப்படும். இரண்டு பாதியாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்றைச் சொருகிக் குறைந்தது ஏழெட்டு முறை கலையுங்கள், பிறகு எதிராளியிடம் வெட்டக் கொடுங்கள்.