ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 1979இல் தொடங்கியது என்கிறார்களே, அதற்கு முன் இலங்கைக்கு விமான நிறுவனமே இருக்கவில்லையா? இதுவரை என்னென்ன விமானங்கள் வைத்திருந்தார்கள்?

இருந்தது. 1979 என்பது, இன்றைய ஸ்ரீலங்கன் அப்போது எயார் லங்கா என்ற பெயரில் பிறந்த ஆண்டு. அதற்கு முன் முப்பது வருடங்களுக்கு மேலாக எயார் சிலோன் என்ற பெயரில் எங்களுக்குச் சொந்த நிறுவனம் ஒன்று ஓடியது. எங்கள் வீட்டில் அந்தப் பெயரைத்தான் நான் முதலில் கேட்டேன். அப்பப்பா கடைசிவரை ஆகாயத்தில் எதைக் கண்டாலும் "சிலோன் பிளேன் போகுது" என்றுதான் சொல்லுவார்.

1947 டிசம்பர் 10ஆம் திகதி கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள இரத்மலானையிலிருந்து சீதா தேவி என்று பெயர் சூட்டிய டகோட்டா விமானம் ஒன்று கிளம்பியது. அதுதான் எயார் சிலோனின் முதல் பறப்பு. காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் பலாலியில் இறங்கி, அங்கிருந்து கடலைத் தாண்டி மெட்ராஸ் போனது. நாடு சுதந்திரம் அடைய இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. தேசிய விமான நிறுவனத்தின் முதல் பயணமே யாழ்ப்பாணத்தில் தரித்துத்தான் போனது என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் கண்ணை விரிக்கிறார்கள். விகாரமகாதேவி, சுனேத்ரா தேவி என்று இன்னும் இரண்டு டகோட்டாக்கள் இருந்தன. இரண்டாம் உலக யுத்தத்தில் மிஞ்சிய டகோட்டாக்களை வைத்துத்தான் அந்த நாளில் உலகம் முழுக்கப் புது நிறுவனங்கள் தொடங்கின. பலாலி ஓடுபாதையும் பிரித்தானிய விமானப்படை அந்த யுத்தத்துக்காகப் போட்டதுதான்.

பிறகு பலாலியிலிருந்து திருச்சிக்கும் விமானம் விட்டார்கள். அப்பப்பா ஐம்பதுகளில் அதில் ஒருமுறை போயிருக்கிறார், ஸ்ரீரங்கம் பார்க்க. அதற்கு முந்தைய வழி யாழ்தேவி ரயிலுக்கும் முந்தியது: ரயிலேறித் தலைமன்னார், அங்கே கப்பல், தனுஷ்கோடியில் இறங்கி மறுபடி ரயில். விமானத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிட்டது. அவருக்கு ஸ்ரீரங்கத்தைவிட டகோட்டாதான் நன்றாக நினைவிருந்தது. பெட்டியின் எடை பார்த்த தராசிலேயே ஆளையும் ஏற்றி எடை பார்த்தார்களாம். டகோட்டாவுக்கு முன்னால் இரண்டு பெரிய சில்லு, வாலடியில் ஒரு சின்னச் சில்லு. தரையில் நிற்கும்போது மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். பின்கதவால் ஏறினால் நடைபாதை மேடு ஏறுவதுபோல் இருக்கும். சீட்டின் முதுகைப் பிடித்துப் பிடித்துத்தான் முன்னுக்குப் போகவேண்டும். ஓடத் தொடங்கி வால் கிளம்பியதும் தளம் மட்டமாகிவிடும். "அப்பதான் ஆள் நேரா இருந்தன்" என்று கையைச் சரித்து நிமிர்த்திக் காட்டுவார்.

சரி, தூரப் பயணங்களுக்கு வருவோம். இங்கேதான் இந்த நிறுவனத்தின் குணம் தெரியும். லண்டனுக்கோ சிட்னிக்கோ பறக்கும் அளவுக்குச் சொந்தமாகப் பெரிய விமானம் வாங்க எயார் சிலோனிடம் பணம் கிடையாது. அதனால் ஒவ்வொரு காலத்திலும் ஒரு வெளிநாட்டுக் கூட்டாளியைப் பிடித்தார்கள். 1949இல் அவுஸ்திரேலியாவின் ஏஎன்ஏ, டிசி-4 விமானங்களோடு வந்தது. 1950களின் நடுவில் நெதர்லாந்தின் கேஎல்எம், கொன்ஸ்டலேஷன் விமானங்களோடு வந்தது. 1962இலிருந்து பிரித்தானியாவின் பிஓஏசி. முதலில் கொமெட், பிறகு விசி10. எழுபதுகளில் பிரான்சின் யூடிஏ வழியாக டிசி-8. கூட்டாளி மாறும்போது விமானமும் மாறும். இதைச் சிலர் கேவலமாகப் பேசுவார்கள். எனக்கு அது கெட்டித்தனமாகத்தான் படுகிறது. ஒரு சின்னத் தீவு, கையில் இருக்கும் காசுக்குத் தக்கபடி உலகத்தோடு தொடர்பு வைத்திருந்தது.

கிட்டத்துப் பாதைகளுக்குச் சொந்த விமானங்களே போதுமாக இருந்தன. அறுபதுகளில் அவ்ரோ 748 வந்து பலாலிப் பாதையில் டகோட்டாவின் இடத்தைப் பிடித்தது. 1969இல் ட்ரைடென்ட் என்ற மூன்று எஞ்சின் ஜெட் ஒன்றையும் வாங்கினார்கள், ஒன்றே ஒன்று. அந்த அவ்ரோவின் முடிவு துயரமானது. 1978 செப்டெம்பர் 7ஆம் திகதி பலாலியிலிருந்து வந்து இரத்மலானையில் ஆட்களை இறக்கிவிட்டு நின்றபோது குண்டு வெடித்து அழிந்தது. உள்ளே பயணிகள் இல்லாததால் உயிர்கள் தப்பின. கடனும் நிர்வாகச் சீர்கேடும் ஏற்கெனவே நிறுவனத்தை அரித்துவிட்டிருந்தன. அதற்குப் பிறகு எயார் சிலோன் நிமிரவே இல்லை.

அரசாங்கம் பழையதை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. 1979 செப்டெம்பர் 1ஆம் திகதி, சிங்கப்பூர் எயார்லைன்ஸிடம் குத்தகைக்கு எடுத்த இரண்டு போயிங் 707 விமானங்களோடு எயார் லங்கா பறக்கத் தொடங்கியது. வாலில் மயில் சின்னம். இராவணனின் பறக்கும் தண்டு மொனராவை, அதாவது மரமயிலை, நினைவூட்டும் சின்னம். அது இன்றும் இருக்கிறது.

1980இலிருந்து ட்ரைஸ்டார் என்ற பெரிய ஜெட் விமானங்கள் வந்தன. எயார் லங்கா என்றாலே எனக்கு ட்ரைஸ்டார்தான். 1982இல் இரண்டைப் புத்தம் புதிதாகவே லொக்ஹீட்டிடம் வாங்கினார்கள். சிறகுக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின், மூன்றாவது வாலுக்குள்ளே. அதற்குக் காற்றுப் போகும் வாய், முதுகின் மேலே சுரங்கம்போலத் திறந்திருக்கும். 1994இல் அம்மாவோடு கொழும்பிலிருந்து மெட்ராஸ் போனது அதில்தான். ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் ஆகும் பயணத்துக்கு, லண்டன்வரை போகக்கூடிய அவ்வளவு பெரிய விமானம். நடுவரிசையில் உட்கார்ந்த அம்மாவுக்குக் கடல் தெரியவில்லை என்று, யன்னலோரம் இருந்த அறியாத ஒரு ஐயா எழுந்து இடம் கொடுத்தார். கடல் தெரிந்த நேரம் பத்து நிமிடம் இருக்கும். அம்மா அந்தப் பத்து நிமிடமும் வாயே திறக்கவில்லை.

ஆசைக்கு அளவு வேண்டும் என்பதையும் எண்பதுகளில்தான் கற்றார்கள். 1984இல் குவான்டாஸிடமிருந்து போயிங் 747 வாங்கி விஜய மன்னனின் பெயர் வைத்தார்கள்; அடுத்ததற்குத் திஸ்ஸ மன்னனின் பெயர். 1983 கலவரத்துக்குப் பிறகு சுற்றுலாப் பயணிகள் வருவதே குறைந்திருந்த நேரம் அது. அத்தனை சீட்டையும் நிரப்ப ஆளில்லை. சில வருடங்களிலேயே இரண்டும் போய்விட்டன. 1986 மே 3ஆம் திகதி, மாலைதீவு போக இருந்த ட்ரைஸ்டார் கட்டுநாயக்க விமான நிலையத்தில் தரையில் நிற்கும்போதே குண்டு வெடித்து இரண்டாகப் பிளந்தது. 21 பேர் செத்தார்கள்.

தொண்ணூறுகளில் எயார்பஸ் பக்கம் திரும்பினார்கள்: முதலில் ஏ320, 1994இலிருந்து நான்கு எஞ்சின் ஏ340. 1998இல் எமிரேட்ஸ் பங்கு வாங்கி, பத்து வருடத்துக்கு நிர்வாகத்தையும் எடுத்துக்கொண்டது. அதையடுத்துத்தான் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் என்ற பெயரும் புது ஏ330களும் வந்தன, ட்ரைஸ்டார்கள் விடைபெற்றன. யோசித்துப் பாருங்கள், பழைய எயார் சிலோன் வழிதான் இதுவும்: பணமும் அனுபவமும் உள்ள கூட்டாளி ஒருவன்.

2001 ஜூலை 24 அதிகாலை விடுதலைப் புலிகள் கட்டுநாயக்கவைத் தாக்கினார்கள். இரண்டு ஏ330களும் ஒரு ஏ340உம் முற்றாக எரிந்துபோயின. வேறு சில சேதமடைந்தன. நிறுவனத்தின் விமானங்களில் அரைவாசி ஒரே இரவில் இல்லாமல் போனது. கரிந்த உடலிலிருந்து வால் மட்டும் மயிலோடு நிமிர்ந்து நிற்கும் படத்தைப் பத்திரிகையில் பார்த்தேன். அதன்பின் நிறுவனம் எழுந்து நின்றதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. மிச்சமிருந்த விமானங்களை வைத்து ஓடி, சில வருடங்களில் இந்திய நகரங்களுக்கான பாதைகளைப் பெருக்கினார்கள்.

2008இல் எமிரேட்ஸுடனான நிர்வாக ஒப்பந்தம் முடிந்தது; 2010இல் அவர்களின் பங்கை அரசாங்கம் திரும்ப வாங்கியது. அங்கேயிருந்துதான் நஷ்டம் மலையாகக் குவிந்தது என்பது என் கருத்து. 2013இல் ஏ330-300களோடு ஏ350களுக்கும் ஓடர் கொடுத்தார்கள். ஏ350 ஒன்றுகூட வந்து சேரவில்லை. 2016இல் ரத்தாகி, பெருந்தொகை நட்டஈடு கட்ட வேண்டி வந்தது. 2020இல் எயார்பஸ் பிரித்தானிய வழக்கு ஒன்றில் பெருந்தண்டம் கட்டி முடித்தபோது, அதில் பேசப்பட்ட லஞ்ச விவகாரங்களில் ஸ்ரீலங்கன் கொள்வனவும் ஒன்று. ஆகாயத்தில் வேலை செய்தவர்கள் யாரும் செய்த பிழை இல்லை அது. மேசையில் நடந்தது. ஆனால் கடனைச் சுமப்பது முழு நாடும்.

இன்று கையில் இருப்பது இருபது விமானங்களுக்குச் சற்று மேல், எல்லாமே எயார்பஸ். சென்னை, திருச்சி, மதுரை போன்ற பக்கத்துப் பாதைகளுக்கு ஏ320, ஏ321 வகைகள். லண்டன், மெல்பர்ன் போன்ற தூரப் பாதைகளுக்கு ஏ330. உள்ளே ஏறியதும் ஆயுபோவன், வணக்கம் இரண்டும் கேட்கும்.

பலாலியில் என்ன நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 2019 ஒக்டோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னையிலிருந்து இந்தியாவின் அலையன்ஸ் எயார் வரத் தொடங்கியது. பிறகு இண்டிகோவும் வந்தது. வருவதெல்லாம் ஏடிஆர் வகை சுழல்விசிறி விமானங்கள். பெரிய ஜெட்டுகள் இறங்கும் அளவுக்கு ஓடுபாதை இன்னும் நீளவில்லை. சீதா தேவி இறங்கிய அந்த இடத்தில் இன்று இறங்குவதற்கு, ஸ்ரீலங்கனிடம் பொருத்தமான விமானம் ஒன்றுகூட இல்லை. நான் போனமுறை சென்னையிலிருந்து ஏடிஆரில்தான் வந்திறங்கினேன். ஏடிஆருக்கும் பின்கதவுதான், ஆனால் நடைபாதை மட்டம். சீட்டின் முதுகை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.