அமெரிக்க வரியால் பனியன் கம்பெனி வேலை போனால் அரசு உதவி கிடைக்குமா?

கேள்வி: என் தங்கை திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் நான்கு வருடமாக ஓவர்லாக் டெய்லர். அமெரிக்க வரிக்குப் பிறகு ஆர்டர் இல்லை என்று 2025 தீபாவளியோடு நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் இப்படி வேலை இழப்பவர்களுக்கென்றே அரசு உதவி உண்டு என்று படித்தேன். இங்கே உண்டா? அவளுக்குத் தகுதி இருக்குமா?

பதில்:

வரியால் வேலை போனவர்களுக்கென்று நம் நாட்டில் தனித் திட்டம் இல்லை. ஆனால் உங்கள் தங்கையின் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடித்திருந்தால், வேலையில்லாத காலத்துக்குப் பணம் வாங்க வழி இருக்கிறது. அமெரிக்க வரியாலா, பையர் (துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி) ஆர்டரை நிறுத்தியதாலா என்றெல்லாம் அங்கே பார்ப்பதில்லை. எத்தனை நாளுக்குப் பிடித்தம் கட்டியிருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். நான் பனியன் கம்பெனியில் பதினொரு வருடம் செக்கிங்கில் (தைத்த துணியில் குறை பார்க்கும் வேலை) இருந்தவள். 2020-ல் இதே உதவிக்கு விண்ணப்பித்து, கிடைக்காமல் திரும்பியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் படித்தது சரிதான். இறக்குமதியால் வேலை இழக்கும் தொழிலாளிகளுக்கு 1962-லேயே அமெரிக்காவில் சட்டம் வந்துவிட்டது. மூன்று தொழிலாளிகள் சேர்ந்து மனுப் போட்டாலே விசாரிக்க வேண்டும் என்ற அளவுக்கு அது வளர்ந்தது. வேறு தொழில் பயிற்சி, பயிற்சிக் காலத்தில் வாராவாரம் பணம் என்று கொடுத்தார்கள். ஆனால் 2022 ஜூலையிலிருந்து அங்கேயே புது மனுக்களை விசாரிப்பதில்லை. நம் பொருட்களுக்கு அமெரிக்கா போட்ட வரி 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீதம் ஆனபோது, இங்கே பஞ்சு மீதான 11 சதவீத இறக்குமதி வரியை டிசம்பர் வரை தள்ளுபடி செய்தார்கள். ஏற்றுமதியாளர்களின் கடனுக்கு அரசு உத்தரவாதம் வந்தது. கம்பெனி நின்றால்தான் வேலை, அது வேண்டியதுதான். ஆனால் சனிக்கிழமை சம்பளத்தை நம்பி வாடகை கட்டுகிறவருக்கு அதில் நேரடியாக ஒன்றும் இல்லை.

இப்போது தகுதிக்கு வருவோம். திட்டத்தின் பெயர் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா, 2018-ல் வந்தது. இரண்டு வருடமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. கணக்கு ஆறு ஆறு மாதமாக ஓடும்: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். வேலை போவதற்கு முந்தின அரையாண்டுக் கணக்கில் 78 நாளாவது பிடித்தம் கட்டியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று அரையாண்டுகளில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் வேண்டும். உங்கள் தங்கைக்கு 2025 ஏப்ரல்–செப்டம்பர் கணக்குதான் முக்கியம். வேலை போய் 30 நாள் கழித்து, கம்பெனி மூலமாகப் போகாமல் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருக்க வேண்டும்.

தொகை பெரிதில்லை. முந்தைய இரண்டு வருடச் சம்பளத்தைக் கூட்டி 730-ஆல் வகுப்பார்கள். அதில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்கு, ஆயுளில் ஒரே ஒரு தடவை. மாதம் 12,000 ரூபாய் வாங்கியவருக்குச் சுமார் 17,750 ரூபாய் வரும். இந்தத் திட்டத்தை அவ்வப்போது நீட்டித்துத்தான் நடத்துகிறார்கள், அதனால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் இன்றைய விதியைக் கேட்டுக்கொண்டு போடுங்கள். கம்பெனியையே சட்டப்படி மூடிவிட்டாலோ ஆட்குறைப்பு என்று எழுத்தில் கொடுத்தாலோ, ராஜீவ் காந்தி பெயரில் இன்னொரு திட்டம் இருக்கிறது. அது 24 மாதம் வரை வரும், கூடவே மருத்துவமும் உண்டு. அதையும் கேளுங்கள்.

நான் ஏமாந்த கதை இதுதான். கொரோனா நேரத்தில் வெளிநாட்டு ஆர்டர் எல்லாம் ரத்தாகி எங்களை நிறுத்தினார்கள். 2019 அக்டோபரிலிருந்து ஊரடங்கு வரை, ஞாயிறும் பொங்கலும் தவிர ஒரு நாள் விடாமல் வேலைக்குப் போயிருந்தேன். கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார்: 64 நாள். மாதத்துக்குப் பத்துப் பதினோரு நாள்தான் என்று கம்பெனி கணக்குக் காட்டியிருந்தது. 14 நாள் குறைந்ததில் பணம் இல்லை. சம்பளக் கவர்களைச் சேர்த்து வைத்திருந்தால் அங்கேயே புகார் எழுதியிருக்கலாம். அதில் காய்கறிக் கணக்கு எழுதிக் கிழித்துப் போட்டிருந்தேன்.

அதனால் முதல் வேலையாகத் தங்கையின் ஐ.பி. நம்பரை (இ.எஸ்.ஐ.யில் அவளுக்குக் கொடுத்த காப்பீட்டு எண்) போட்டு, இ.எஸ்.ஐ. இணையதளத்தில் மாதவாரியாக நாட்களைப் பாருங்கள். குறைந்திருந்தால் சம்பள ரசீது, பேங்க் பாஸ்புக், கேட் பாஸ், எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று. "கணக்கு முடிக்கணும், இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். பெரும்பாலும் அது ராஜினாமாக் கடிதம். தானாக விட்டுப் போனதாக ஆகிவிட்டால் இ.எஸ்.ஐ. பணத்திலும் சிக்கல், ஆட்குறைப்பு இழப்பீடும் கைவிட்டுப் போகும். ஒவ்வொரு முழு வருட வேலைக்கும் 15 நாள் சம்பளம் என்று சட்டம் சொல்கிறது. அவளுக்கு நான்கு வருடம் என்றால் 60 நாள் சம்பளம், இ.எஸ்.ஐ.யில் வருவதைவிட அதிகம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் தாமதிக்காமல் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது ஏதாவது ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் காட்டுங்கள்.

கான்ட்ராக்டர் கீழே பீஸ் ரேட்டில் தைத்திருந்தால்? பீஸ் ரேட் என்பதற்காக இ.எஸ்.ஐ. இல்லையென்று ஆகாது, கம்பெனிக்குள் உட்கார்ந்து தைத்தவருக்குப் பிடித்துக் கட்டியிருக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் பல பேருடைய பெயரே பதிவில் இருக்காது. தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பிள்ளைகள் படிப்புக்கும் பிரசவத்துக்கும் உதவி உண்டு, வேலை போனதற்கு இல்லை. இந்தப் பெண்களுக்கு இப்போது யார் பொறுப்பு என்று எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை, எங்கள் தெருவிலேயே ஆறு பேர் இருக்கிறார்கள்.

நாட்களைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். 78-க்குக் கீழே இருந்தால் எந்தெந்த மாதம் குறைகிறது என்றும் சொல்லுங்கள், புகார் எழுத நான் உதவுகிறேன்.