மாநாட்டு விருந்தினர் தங்குமிடம் குறித்து

வணக்கம். மதுரை நூலகர் மாநாட்டில் கட்டுரை வாசிப்பதோடு விருந்தினர் தங்குமிடப் பொறுப்பையும் ஏற்றுச் சேலத்திலிருந்து வரும் தாங்கள், சித்திரைத் திருவிழா நாள்களில் அறை கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளையொட்டி நகருக்குள் அறை தேடுவது வீண் அலைச்சல் என்பதால், மாநாட்டைத் தள்ளிவைக்க முடியுமா என்று குழுவிடம் முதலில் கேளுங்கள். முடியாதெனில், கோரிப்பாளையம், தல்லாகுளம், ஆழ்வார்புரம் எங்கும் மக்கள் வெள்ளமாக இருக்கும் அந்நாளில் வண்டி வைகைப் பாலத்தைக் கடக்க வேண்டிய நிலையே வராதபடி, அரங்கம் தென்கரையில் இருந்தால் திருமங்கலத்திலும் வடகரையில் இருந்தால் மேலூரிலும் விடுதி பார்த்து, வேன் ஒன்றை அமர்த்திவிடுவது நல்லது. கோவை, சேலம் பேருந்துகள் பொதுவாக ஆரப்பாளையத்துக்கும், சென்னை, திருச்சிப் பேருந்துகள் மாட்டுத்தாவணிக்கும் வருவதால், அழைப்பிதழிலேயே இறங்குமிடத்தைக் குறிப்பிடுங்கள். வழி கேட்டு விருந்தினர் அழைத்தால் பதில் சொல்ல, தங்கள் கட்டுரை அமர்வின்போது மட்டும் கைப்பேசியை உள்ளூர் நண்பர் ஒருவரிடம் அவசியம் ஒப்படைத்துவிடுங்கள்.