ஐஜிஈ-யை விடாமல் பிடிக்கும் ஏற்பி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஈ (IgE) என்ற எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் மிகச் சொற்ப அளவில்தான் இருக்கிறது என்கிறார்கள். அப்படியிருக்க இவ்வளவு வேகமான, கடுமையான விளைவு எப்படி வருகிறது?

பதில்: ரத்தத்தில் சொற்பம்தான். ஒரு மில்லிலிட்டரில் ஐஜிஜி (IgG) என்ற இன்னொரு எதிர்ப்புப் புரதம் சுமார் 10 மில்லிகிராம் இருக்கும். ஐஜிஈ-யோ நானோகிராம் கணக்கு. பரிசோதனை அறிக்கையில் வரும் 1 யூனிட் என்பது 2.4 நானோகிராம். ஆனால் காரியம் நடக்கும் இடம் ரத்தம் அல்ல. மாஸ்ட் செல், பேசோஃபில் ஆகிய நோயெதிர்ப்புச் செல்களின் மேற்பரப்பு. அங்குள்ள எஃப்சி-எப்சிலான்-ஆர்1 (FcεRI) என்ற ஏற்பி, அதாவது பிடித்துக்கொள்ளும் புரதம், ஐஜிஈ-யை அசாத்திய இறுக்கத்தோடு பிடிக்கிறது. ஐஜிஜி-க்கான பல ஏற்பிகளின் பிடியைவிட இது பல ஆயிரம் மடங்கு வலுவானது. ரத்தத்தில் தனியாகச் சுற்றும் ஐஜிஈ இரண்டு நாளில் பாதியாகக் குறைந்துவிடும். தோலில் உள்ள மாஸ்ட் செல்லில் அமர்ந்ததோ வாரக்கணக்கில் இருக்கும். ஆகவே தூண்டும் பொருள் உடலுக்குள் வருவதற்கு வெகு முன்பே எல்லாம் தயார் நிலையில் இருக்கிறது.

கேள்வி: அந்தப் பிடி மூலக்கூறு அளவில் எந்த இடத்தில் நடக்கிறது?

பதில்: மாஸ்ட் செல்லில் இந்த ஏற்பி நான்கு சங்கிலிகளால் ஆனது: ஆல்ஃபா ஒன்று, பீட்டா ஒன்று, காமா இரண்டு. ஐஜிஈ-யைத் தொடுவது ஆல்ஃபா மட்டுமே. செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் பகுதியில் இரண்டு மடிப்புக் கூறுகள் உண்டு. அவை ஒன்றோடொன்று குறுங்கோணத்தில் சாய்ந்து, கவிழ்த்த 'வி' போல நிற்கின்றன. அதன் உச்சியில் டிரிப்டோஃபான்கள் வெளியே தெரியும்படி உட்கார்ந்திருக்கின்றன. இது கவனிக்க வேண்டிய விஷயம். நீரை விரும்பாத இந்த அமினோ அமிலம் வழக்கமாகப் புரதத்தின் உள்ளே ஒளிந்துகொள்ளும். இங்கே வேலைக்காக வெளியே வந்து நிற்கிறது.

ஐஜிஈ-யின் வால்பகுதி இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். அதன் இரண்டு பெரிய சங்கிலிகளிலும் (கனச் சங்கிலிகள்) மடிப்புக் கூறுகள் வரிசை எண்ணோடு அமைந்திருக்கும்; அவற்றில் 3-ஆம் கூறு ஏற்பியைத் தொடக்கூடியது. அப்படியானால் ஒரு ஐஜிஈ இரண்டு ஏற்பிகளைப் பிடிக்க வேண்டாமா? பிடிப்பதில்லை. ஒரே ஏற்பி இரண்டு 3-ஆம் கூறுகளுக்கும் நடுவே நுழைந்து இரண்டையும் தொட்டுவிடுகிறது. இன்னொன்றுக்கு இடமே மிஞ்சாது. ஒரு பக்கத்தில் ஆல்ஃபாவின் 131-ஆம் இடத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம் பிடிக்கிறது. மறுபக்கத்தில் 87, 110 ஆகிய இடங்களில் உள்ள இரண்டு டிரிப்டோஃபான்கள், ஐஜிஈ-யின் 426-ஆம் இடத்துப் புரோலினை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்தது போல அழுத்திக்கொள்கின்றன. தனித்தனியே பார்த்தால் எந்தப் பக்கமும் அத்தனை வலு இல்லை. இரண்டும் ஒருசேரப் பிடிப்பதால்தான் ஒன்று நழுவினாலும் மற்றது விடுவதில்லை.

ஆல்ஃபாவின் வடிவம் 1998-இலும், ஐஜிஈ-யோடு சேர்ந்த வடிவம் 2000-இலும் கார்மன், கினே, ஜார்டெட்ஸ்கி ஆகியோர் அடங்கிய குழுவின் படிக ஆய்வில் தெரியவந்தன. ஐஜிஈ-யின் 2-ஆம் கூறு 3, 4 கூறுகளின் மேல் மடங்கிச் சாய்ந்திருக்கிறது என்பது 2002-இல் தெளிவானது. ஏற்பியில் அமரும்போது அந்த வளைவு இன்னும் இறுகுகிறது.

கேள்வி: புரதங்களின் வடிவங்களைச் சேமித்து வைக்கும் இணையத் தளமான புரத வடிவ வங்கியிலிருந்து (PDB) 1எஃப்6ஏ (1F6A) கோப்பை இறக்கிக் கணினியில் பார்த்தேன். பீட்டா, காமா சங்கிலிகளைக் காணவில்லை. தவறான கோப்பா?

பதில்: சரியான கோப்புதான். அதில் இருப்பது ஆல்ஃபாவின் வெளிப்பகுதியும், ஐஜிஈ-யின் 3, 4 கூறுகளும் மட்டுமே. செல் சவ்வுக்குள் புதையும் பகுதிகள் எளிதில் படிகமாவதில்லை என்பதால் ஆய்வுக்கு முன்பே விட்டுவிட்டார்கள். 2-ஆம் கூறும் இதில் இல்லை. வளைவைப் பார்க்க விரும்பினால் 2ஒய்7க்யூ (2Y7Q) கோப்பை எடுங்கள்.

முதலில் முழுவதையும் நாடா வடிவில் காட்டி, சங்கிலிகளுக்கு வெவ்வேறு நிறம் கொடுங்கள். பிறகு ஆல்ஃபாவில் 87, 110, 131 ஆகியவற்றையும், ஐஜிஈ-யின் இரு சங்கிலிகளிலும் 426-ஐயும் மட்டும் குச்சி வடிவுக்கு மாற்றுங்கள். இரண்டு 426-களில் ஒன்றுதான் டிரிப்டோஃபான்களுக்கு நடுவே இருக்கும். ஒரு எச்சரிக்கை: இந்த வடிவத்தின் தெளிவு 3.5 ஆங்ஸ்ட்ராம்; எண் கூடக் கூடத் தெளிவு குறையும். நீர் மூலக்கூறுகளையோ பக்கக் கிளைகளின் நுட்பமான திருப்பத்தையோ இதை வைத்து அளந்து முடிவு சொல்லாதீர்கள்.

கேள்வி: ஐஜிஈ எப்போதும் ஏற்பியில் உட்கார்ந்திருந்தால், எப்போதும் ஒவ்வாமை வராதது ஏன்?

பதில்: உட்காருவதால் மட்டும் செல் தன்னுள் இருப்பதைக் கொட்டாது. தூண்டும் பொருள் அருகருகே உள்ள இரண்டு ஐஜிஈ-களையாவது பாலம் போல இணைக்க வேண்டும். அப்போது ஏற்பிகள் ஒன்றுகூடுகின்றன. பீட்டாவில் ஒன்றும், காமாக்களில் தலா ஒன்றுமாக மூன்று சமிக்ஞை வரிசைகள் உண்டு. அவற்றின் டைரோசின்களில் லின் நொதி பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அதன்மேல் சிக் நொதி வந்து அமர்ந்து செய்தியைக் கடத்த, செல்லுக்குள் கால்சியம் உயர்ந்து, அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் ஹிஸ்டமின் வெளியே கொட்டுகிறது. பீட்டா இந்தச் சமிக்ஞையைப் பெருக்கித் தருவது. சில செல்களில் பீட்டா இல்லாத மூன்று சங்கிலி ஏற்பியும் உண்டு.

கேள்வி: ஐஜிஈ-யைத் தடுக்கும் ஒமாலிசுமாப் மருந்தை ஊசியாகப் போட்ட பிறகு என் மொத்த ஐஜிஈ பல மடங்கு கூடியிருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா?

பதில்: பயப்பட வேண்டாம், அது எதிர்பார்த்த ஒன்றுதான். இந்த மருந்து தனியாகச் சுற்றும் ஐஜிஈ-யின் 3-ஆம் கூறில் ஒட்டிக்கொண்டு, ஏற்பியிடம் போகவிடாமல் தடுக்கிறது. மருந்தும் ஐஜிஈ-யும் சேர்ந்த கூட்டு ரத்தத்திலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். வழக்கமான பரிசோதனை அந்தக் கூட்டையும் சேர்த்தே எண்ணுவதால் அளவு உயர்ந்து தெரிகிறது. ஊசியை நிறுத்திய பிறகும் ஓராண்டு வரை இப்படி இருக்கலாம். அந்த இடைக்காலத்து எண்ணை வைத்து மருந்தளவைத் திரும்பக் கணக்கிடக் கூடாது.

நிஜமான பலன் செல்லின் மேல்தான் தெரியும். ஐஜிஈ அமராத ஏற்பி மேற்பரப்பில் நிலைப்பதில்லை. செல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். 1997-இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஒரு பேசோஃபிலுக்குச் சுமார் 2,20,000 ஆக இருந்த ஏற்பிகள் மூன்று மாதத்தில் ஏறத்தாழ 8,300 ஆகச் சரிந்தன. மாஸ்ட் செல்லில் இந்தச் சரிவுக்குக் கூடுதல் காலம் ஆகும். அதனால் ஒன்றிரண்டு ஊசிகளிலேயே பலன் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள், மற்ற மருந்துகளையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஒவ்வாமைக்கான செட்டிரிசின் மாத்திரை சாப்பிட்டால் இந்த ஏற்பி அடைபடுமா?

பதில்: இல்லை. அது அடைப்பது ஹிஸ்டமினுக்கான வேறொரு ஏற்பியை. ஹிஸ்டமின் கொட்டியதன் விளைவை மட்டுமே அது தணிக்கும். ஆனால் தோல் குத்துப் பரிசோதனையைக் கெடுத்துவிடும். ஆகவே மருத்துவரிடம் கேட்டு, பொதுவாக 3 முதல் 7 நாள் முன்பே நிறுத்த வேண்டும். 15–20 நிமிடத்தில், ஒப்பீட்டுக்காக ஹிஸ்டமின் வைத்த இடத்தில் தடிப்பு எழவில்லை என்றால், மற்ற இடங்களில் வந்த 'இல்லை' எதையும் நம்ப முடியாது.

கேள்வி: ஒவ்வாமை உள்ளவரின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) பேசோஃபில்களோடு சேர்த்துப் பார்த்தோம், தூண்டியும் எதிர்வினை இல்லை. சீரத்தை வழக்கப்படி 56 டிகிரியில் சூடாக்கியிருந்தோம்.

பதில்: கோளாறு அந்தச் சூட்டில்தான். ஐஜிஈ-யின் 3-ஆம் கூறு 56 டிகிரியைத் தாங்காது. தூண்டும் பொருளைப் பிடிக்கும் கைகள் நன்றாகவே இருக்கும், ஏற்பியில் அமரும் திறன் மட்டும் போய்விடும். சூடாக்காத சீரத்தோடு மறுபடி செய்யுங்கள்; சூடாக்கியதை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போதும் வரவில்லை என்றால், பேசோஃபில் தந்தவரின் சொந்த ஐஜிஈ ஏற்கெனவே ஏற்பிகளை நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பி.எச். 3.9 அளவிலான லாக்டிக் அமிலக் கரைசலில் சிறிது நேரம் வைத்துக் கழுவினால் அது கழன்றுவிடும். உடனே நடுநிலைக்குக் கொண்டுவராவிட்டால் செல்கள் செத்துப்போகும்.