குமிழிக்குள் பாசிட்ரான் ஏன் சிதறுகிறது?

பிளாஸ்மா அலையில் துகள்களை முடுக்கும் உங்கள் சிமுலேஷனில், பாசிட்ரானை (எலக்ட்ரானின் நேர்மின் இணை) குமிழிக்குள் வைத்ததுதான் பிரச்சினை. எலக்ட்ரானுக்கு ஓடிய அதே சிமுலேஷனில் மின்சுமையின் குறியை மட்டும் மாற்றினேன், கற்றை சிதறிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். டிரைவர் (முன்னே ஓடும் கற்றை அல்லது லேசர் துடிப்பு) பிளாஸ்மா எலக்ட்ரான்களை விலக்கித் தள்ளுவதால் உண்டாவதுதான் குமிழி, அதற்குள் மிஞ்சுவது நேர்மின் அயனிகள் மட்டும். எலக்ட்ரானை அவை அச்சை நோக்கி இழுக்கும், பாசிட்ரானை வெளியே தள்ளும்.

நம்ம ஊரில் அழகர் வரும்போது கூட்டம் விலகி, அவர் கடந்ததும் பின்னால் சேருமே, பிளாஸ்மா எலக்ட்ரான்களும் அப்படித்தான். அவை அச்சில் வந்து சேரும் இடத்தை ஒட்டி, சற்றே பின்னால்தான் பாசிட்ரானுக்கு இடம். அதுவும் மிகக் குறுகியது.

முதலில் ஒரு சோதனை. பாசிட்ரான் இல்லாமல் ஓட்டி, அச்சில் நீளவாக்கு மின்புலத்தையும், அச்சுக்கு மிக அருகே ஆரவாக்கு விசையையும் (மின்புலத்திலிருந்து ஒளிவேகம் பெருக்கல் காந்தப்புலத்தைக் கழித்து) ஒரே படத்தில் வரையுங்கள். முதலாவது கற்றை போகும் திசையிலும், இரண்டாவது அச்சை நோக்கியும் இருக்கும் துண்டில் கற்றையை வையுங்கள். வலைக்கட்டம் பெரிதாக இருந்தால் அந்தத் துண்டே கண்ணில் படாது. செக்பாயிண்ட் போட்டு (இடையிடையே நிலையைச் சேமித்து) ஓட்டுங்கள், பல்கலை நகரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது!

அப்புறம், அங்கே வைத்தாலும் விசை சீராக இராது, எமிட்டன்ஸ் (கற்றை எவ்வளவு பரவுகிறது என்ற அளவு) ஏறும். உள்ளீடற்ற பிளாஸ்மா குழாய்க்குத் தாவலாம், ஆனால் கற்றை மையம் விலகினால் பக்கவாட்டில் உதைக்கும். புராஜெக்டுக்கு நான் சொல்வது, அடர்த்தி குறைந்த டிரைவரோடு நேரியல் அலை (குமிழி உருவாகாத மென்மையான அலை). முடுக்கம் குறைவுதான், ஆனால் அலைநீளத்தில் கால்பங்கு பாசிட்ரானுக்குக் கிடைக்கும். அதே சமயம், 2015இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் ஸ்லாக் முடுக்கி ஆய்வகத்தில் பாசிட்ரான் கற்றையையே டிரைவராக விட்டு, அதன் வால்பகுதிக்கு 1.3 மீட்டரில் சுமார் 5 ஜிஇவி (ஒரு ஜிஇவி நூறு கோடி எலக்ட்ரான்வோல்ட்) ஆற்றல் ஏற்றினார்கள் என்பதையும் பாருங்கள்.